ஸ்பிளிட் நகரில் கேட்கும் ‘ன்’ ஈறு

வணக்கம். குரோவாசிய மொழிப் பாடநூலில் ‘சா ஜெனோம்’ (மனைவியோடு) என்று படித்த தாங்கள், ஸ்பிளிட் நகரில் ‘சா ஜெனோன்’ என்று கேட்டதால், அது வேறொரு வேற்றுமையோ என வினவியிருந்தீர்கள். இல்லை, நம் மூன்றாம் வேற்றுமைக்கு ஏறத்தாழ நிகரான அதே குரோவாசிய ஏழாம் வேற்றுமைதான். ஸ்பிளிட் அமைந்துள்ள டால்மேஷியக் கடற்கரைப் பேச்சில் இறுதி மகரம் னகரமாகத் திரிகிறது. ஆயினும் இத்திரிபு உருபுகளிலும் வினை விகுதிகளிலும், ஏழைக் குறிக்கும் ‘செதம்’ போன்ற வடிவம் மாறாச் சொற்களிலுமே பெரிதும் காணப்படுகிறது. புகையைக் குறிக்கும் ‘தீம்’ என்பதிலுள்ள மகரம் அடிச்சொல்லைச் சேர்ந்ததாகவும், ‘தீமா’ முதலிய பிற வடிவங்களிலும் நிலைப்பதாகவும் இருப்பதால் பொதுவாகத் திரிவதில்லை.

தங்களுக்கு உண்மையில் தொல்லை தரக்கூடியது வேறொன்று. அப்பகுதிப் பேச்சில் இருக்கும் இடத்தைச் சுட்டும் வேற்றுமையும் செல்லும் இடத்தைச் சுட்டும் வேற்றுமையும் அடிக்கடி கலந்துவிடுவதால், ‘ஸ்பிளிட்டில் வாழ்கிறேன்’ என்னும்போது பொதுமொழியின் ‘உ ஸ்பிளித்து’ என்பதற்குப் பதிலாக ‘உ ஸ்பிளித்’ என்றும் கேட்பீர்கள். ன் ஈற்றைப் பேச்சில் தாராளமாகப் பின்பற்றலாம். இக்கலப்பை மட்டும் இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் இரண்டு வேற்றுமைகளின் வேறுபாடு மனத்தில் படியுமுன் அதைக் குலைத்துக்கொள்வீர்கள். தேர்வுத்தாளில் இரண்டுமே பிழைதான்.

தலைநகர் ஜாக்ரெப் பக்கம் சென்றால், ‘பெண்களின்’ என்பதற்கு நெடில் ஈற்று ‘ஜேனா’வுக்கு மாறாக, உருபே இல்லாத ‘ஜென்’ என்னும், அவ்வட்டாரக் கிளைமொழியான காய்காவியத்தின் வடிவமும் செவியில் விழக்கூடும்.