கரி மின்சாரத்தில் ஓடினாலும் பசுமைக் காரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் மின்கார் ஓட்டுவது புகையை ஊருக்கு வெளியே தள்ளிவிடுகிற வேலைதானே?
– ஈரோடு வாசகர்

பதில்: தள்ளுவது உண்மைதான். ஆனால் அளவும் குறைகிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 16 கி.மீ. தரும் கார் என்றால் கிலோமீட்டருக்கு 144 கிராம். கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை கொண்டுவருவதையும் சேர்த்தால் 175 கிராம் பக்கம் வரும். சிறிய மின்கார், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 15 யூனிட் இழுக்கும். மத்திய மின்சார ஆணையக் கணக்குப்படி நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ. கம்பியில் போகும் இழப்பையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 120 கிராம். ஆக, மிச்சம் 55 கிராம்.

இந்த மிச்சத்தை வைத்து முதலில் பேட்டரி தயாரித்த பாவத்தைக் கழிக்க வேண்டும். ஒரு கிலோவாட் மணி பேட்டரி செய்ய 60 முதல் 100 கிலோ வரை வெளியாகிறது. 30 கிலோவாட் மணி பேட்டரிக்கு 1.8 முதல் 3 டன். அதைக் கழிக்க 33,000 முதல் 55,000 கி.மீ. ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம்.

எப்போது சார்ஜ் போடுகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். பகலில் போட்டால் சூரிய மின்சாரம் கலந்து வரும். ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் இரவிலும் சுற்றும். மற்ற மாதங்களில், மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருகுவதுதான் ஆக மோசமான பழக்கம். அந்த நேரத்தில் வெயில் இருக்காது, தேவையோ உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான கார்களில் டைமர் இருக்கிறது, பயன்படுத்துங்கள். கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு இருந்தால் நாளுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு 150 யூனிட் போதும்.

கேள்வி: மாதம் 300 கி.மீ.தான் ஓட்டுகிறேன். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்கார் வாங்கலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம். வருடத்துக்கு 3,600 கி.மீ. என்றால், மேலே சொன்ன 33,000 கி.மீ.யைத் தொடவே ஒன்பது வருடம் ஆகும். பேட்டரி ஓடாமல் நின்றாலும் வயதாகும். 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்ற வழக்கமான உத்தரவாதத்தில் உங்களுக்கு முதலில் முடிவது ஆண்டுதான். விற்ற பழைய காரும் வேறொருவர் கையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பார்க்கிங்கில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் போட்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். சங்கத்தில் தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள். யார் சொல்வது சரி?
– சென்னை வேளச்சேரி வாசகர்

பதில்: இருவருமே பாதி சரி. பயப்பட வேண்டியது காரைப் பார்த்து அல்ல, சாக்கெட்டைப் பார்த்து. கீசர் அரை மணி நேரம் இழுக்கிற கரண்ட்டை மின்கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாதாரண பிளாஸ்டிக் சாக்கெட்டில் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சூடேறி உருகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். 30 மீட்டருக்குள் என்றால் 4 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கு மேல் 6. அந்த வயரின் தொடக்கத்தில் 20 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (கரண்ட் கசிந்தாலோ அளவுக்கு மீறினாலோ தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். சாக்கெட் மெட்டல் கிளாட் (உலோகப் பெட்டியில் வரும்) வகையாக, வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வேளச்சேரிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாவிட்டால் பெரும்பாலும் எர்த் கோளாறு. மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள். எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளேயே இணைத்து விளக்கை ஏமாற்றுகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பெல்லாம் கரண்ட் பாயும். அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து சார்ஜரை நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே சாக்கெட்டை மாற்றுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் ஈபி ஆபீஸில் அனுமதிச் சுமையை உயர்த்த வேண்டிவரும். தினமும் 50 கி.மீ. ஓடுபவருக்கு அது தேவையே இல்லை.

ஒன்று கவனியுங்கள். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்தடுத்த படிகளில் விலை நன்றாக ஏறும். கார் மட்டுமே 300 யூனிட் எடுக்கலாம். மின்வாகன சார்ஜிங்குக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. தனி மீட்டர் வாங்கினால் எது மலிவு என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பேட்டரி செத்தபின் குப்பைதானே?
– மதுரை வாசகி

பதில்: சட்டப்படி குப்பையில் போடக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. காருக்குத் திறன் போதாமல் கழற்றும் பேட்டரியிலும் பாதிக்கு மேல் உயிர் இருக்கும். சூரிய மின்சாரத்தைச் சேமிக்க அது போதும். நம்மூரில் அதிகம் விற்கும் சிறிய மின்கார்கள் பலவற்றில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. அதில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. கோபால்ட் வெட்டும் காங்கோ சுரங்கங்களின் கொடுமை அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் மறுசுழற்சி செய்பவருக்கு அதில் விலை போகும் உலோகமும் குறைவு என்பது அதன் மறுபக்கம்.

கேள்வி: இரு கால்களும் போலியோவால் பாதிக்கப்பட்டவை. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மின்கார் எனக்கு வசதிப்படுமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஓட்டுவதற்கு நன்றாகவே வசதிப்படும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலரேட்டர் என்று, தனியாகப் பொருத்தும் ஒரே கைப்பிடியில் முடியும். இரும்புக் கம்பியால் பெடல்களோடு இணைக்கும் வகையையே பொருத்துங்கள். ஆக்ஸிலரேட்டரின் மின்வயரை வெட்டி இணைக்கும் வகையால் உத்தரவாதம் போய்விடலாம். நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் வாங்குங்கள். மாற்றம் செய்வதற்கு ஆர்.டி.ஓ. அனுமதியும், பிறகு பதிவுச் சான்றில் குறிப்பும் வேண்டும்.

கைப்பிடியை விட்டதுமே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும் வசதி கைக்குப் பெரிய ஓய்வு. ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது, வண்டி எதிர்பார்த்ததைவிட நழுவும். அதனால் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். இரும்பு பாஸ்பேட் பேட்டரியை அவ்வப்போது முழுக்க ஏற்றச் சொல்வார்கள். அன்றைக்குக் கிளம்பும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

நாற்காலியோடு அப்படியே ஏறும்படி காரின் தரையைத் தாழ்த்துவது மட்டும் நடக்காது. தரைக்கடியில்தான் பேட்டரி இருக்கிறது. அதே காரணத்தால் சில மாடல்களில் இருக்கையும் உயரம். ஷோரூமுக்கு உங்கள் நாற்காலியைக் கொண்டுபோய், இருக்கைக்கு மாறிப் பார்த்து, நாற்காலியை மடித்து உள்ளே வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். எம்.ஜி. காமெட் என்ற குட்டி மின்காரின் கதவு அகலம்தான், பின்னிருக்கைக்குப் பின்னால் நாற்காலி வைக்க இடமிருக்காது.

பொது சார்ஜிங் நிலையங்கள்தான் உண்மையான தொல்லை. மேடைமேல் இயந்திரம், முன்னால் தடுப்புக் கம்பி, வெயிலில் தெரியாத திரை, கனமான கேபிள். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற சார்ஜிங் இடத்துக்கென்றே 2022-இல் பி.ஏ.எஸ். 1899 என்ற தரம் வந்தது. இங்கே 3.6 மீட்டர் அகல பார்க்கிங் என்ற அரசு வழிகாட்டுதல் இருந்தும் சார்ஜர் வைப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. ஆகவே வீட்டில் சார்ஜ் போட்டே அன்றாடம் ஓடிவிடும்படி பேட்டரி அளவைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு சாக்கெட்டை உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் வையுங்கள். சார்ஜிங் துளை காரின் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் நாற்காலி திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள்.