குளிர்ந்த நீரில் ஸ்கூபா: முதலில் எதை வாங்குவது?

கேள்வி: வாடகைச் சாதனங்களை வைத்தே ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். இனி நான் டைவ் செய்யப்போகும் இடங்களில் தண்ணீர் 12 முதல் 17 டிகிரி வரைதான் இருக்கும். சொந்தமாகச் சாதனங்கள் வாங்க ஆசை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க முடியாது. நல்ல ரெகுலேட்டர் ஒன்றில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

பதில்: சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். நல்ல ரெகுலேட்டர் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) வாடகைக்குக் கிடைப்பது அபூர்வம். குளிர்ந்த நீரில் பலரை மேலே ஏற வைப்பது நடுக்கம்தான். சிலிண்டரில் பாதிக்கும் மேல், 110 பார் (அழுத்த அலகு) காற்று மிச்சமிருக்க, கட்டைவிரலை உயர்த்தி ‘போதும், மேலே போகலாம்’ என்று சைகை காட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உடம்பை ஒட்டி இருப்பதை முதலில் வாங்குங்கள், முதுகில் மாட்டுவது பிறகு.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். 15 டிகிரி காற்றில் ஒரு முழுக்கைச் சட்டையோடு நடந்துவிடலாம். அதே 15 டிகிரி தண்ணீரில் காப்பில்லாமல் சற்று நேரம் இருந்தால் விரல்கள் சொன்ன பேச்சு கேட்காது.

வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்குமிழிகள். 1952 வாக்கில் ஹ்யூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெட்சூட்டை உருவாக்கியபோது பிடித்துக்கொண்ட சூட்சுமமும் இதுதான்: உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, அடைபட்ட வாயு சூட்டைக் காத்துவிடும். உள்ளே வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருந்தும் பயனில்லை.

என் முதல் 7 மி.மீ. சூட்டை ஒரு அளவு பெரியதாக வாங்கினேன். கடையில் அது சுகமாக இருந்தது, கையை வீசி நடந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தண்ணீரில் இறங்கித் தலையைக் குனிந்த ஒவ்வொரு முறையும் கழுத்து வழியாக ஒரு குவளைக் குளிர்நீர் முதுகுத்தண்டில் வழுக்கிக்கொண்டு இறங்கி, இடுப்புக்கு மேலே உள்ள குழிவில் தங்கியது. அந்தக் குழிவுதான் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டிய இடம். சூட்டைப் போட்டு ஜிப்பை ஏற்றியபின், அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். ரப்பர் உள்ளே போய்த் திரும்பி வந்தால் இடைவெளி இருக்கிறது என்று பொருள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் இதையே பாருங்கள். குந்தி உட்காருங்கள், கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். தரையில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி. கழுத்து மட்டும் விதிவிலக்கு: அங்கே மிகவும் இறுக்கினால் கழுத்து நாளங்கள் அழுந்தித் தலை சுற்றும்.

நீங்கள் சொல்லும் வெப்பநிலைக்கு 7 மி.மீ. ‘செமி-டிரை’ வகையைப் பரிந்துரைப்பேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் நீர் எளிதில் புகாத பட்டைகள் அதில் இருக்கும். 5 மி.மீ. உங்களுக்குப் போதாது. ஆழம் போகப் போகக் காப்பும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, அந்தக் குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும்.

இன்னொன்று: 12 டிகிரி என்று நீங்கள் சொல்வது மேல்மட்டத்திலா, அடியிலா? ஆழமான நன்னீர் ஏரி என்றால் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் குளிர்நாட்டு ஏரிகளில், மேலே கோடை வெயில் காய்ந்தாலும் அடியில் 4, 5 டிகிரியே நிலவலாம். கீழே இறங்கும்போது ஒரு மீட்டர் இடைவெளியில் முகத்தில் அறைவது போலக் குளிர் மாறும். அடிக்கடி 10 டிகிரிக்குக் கீழே போவீர்கள் என்றால் உள்ளே நீரே புகாத டிரைசூட்தான் வழி. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். உள்ளே இருக்கும் காற்று கால் பக்கம் ஓடித் தலைகீழாகத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் அதை வாங்க வேண்டாம்.

சொந்த சூட்டுக்கு நாசூக்கான ஒரு காரணமும் உண்டு. குளிரும் நீரின் அழுத்தமும் சேர்ந்து கை கால்களில் உள்ள ரத்தத்தை உடம்பின் நடுப்பகுதிக்குத் தள்ளும், சிறுநீரகம் சுறுசுறுப்பாகும். டைவர்கள் வெட்சூட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். வாடகை சூட்டைப் போடும்போது இதை நினைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்து ஹூட் (தலையுறை), கையுறை, பூட்ஸ். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியே போகிறது என்பது கட்டுக்கதை. இருந்தும் ஹூட் இல்லாமல் இந்த நீரில் இறங்க வேண்டாம். நெற்றி விண்விண்ணென்று வலித்துக் கவனம் சிதறும். கையுறை 5 மி.மீ. எடுங்கள். அதைப் போட்டபடியே எடைப் பட்டையின் (மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை) கொக்கியைக் கழற்றிப் பாருங்கள், முடியவில்லை என்றால் வேறு ஜோடி. பூட்ஸ் வாங்கிய பிறகுதான் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு). குதிகால் திறந்த வகையாக, பூட்ஸோடு காலை நுழைத்துப் பார்த்து எடுங்கள்.

மாஸ்க்கில் விலை ஒரு பொருட்டே இல்லை. பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை விட்டாலும் ஒட்டி நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். புது மாஸ்க் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மூடுபனிதான். போடும்போது அதன் சிலிகான் ஓரம் ஹூட்டுக்கு அடியில், தோலில் நேராகப் படிய வேண்டும்.

பிறகு டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் வைத்துப் பாதுகாப்பாக ஏறும் விதத்தைக் கணக்கிடும் கைக்கருவி. ஏறும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால் ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும், அதனால் எச்சரிக்கை கூடுதலான அமைப்பில் வையுங்கள். பட்டை தடித்த சூட்டின் மேல் சுற்றிவருமா, பொத்தான்கள் கையுறை விரலுக்கு அகப்படுமா என்பதையும் பாருங்கள்.

இப்போது உங்கள் ரெகுலேட்டர். 200 பார் காற்று ஒரே தாவலில் 10 பார் அளவுக்கு விரியும்போது கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள நீரும் குளிர்ந்திருந்தால் முதல் கட்டத்தில் (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) பனி கட்டி, வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு காற்று கொட்டத் தொடங்கும். ஐரோப்பிய இ.என். 250 தரநிலை 10 டிகிரிக்குக் கீழே உள்ளதைக் குளிர்நீர் என்கிறது. அதற்குச் சோதிக்கப்படாத ரெகுலேட்டரில் ‘10 டிகிரிக்கு மேல்’ என்ற குறி இருக்கும், அதை விட்டுவிடுங்கள். நீர் உட்புகாதபடி மூடிய டயஃப்ரம் (சவ்வு) வகை முதல் கட்டமும், சிலிண்டர் வால்வில் திருகிப் பொருத்தும் ‘டின்’ (DIN) இணைப்பும் இருந்தால் நல்லது. எதுவாக இருந்தாலும் குளிர்நாளில் கரையில் நின்று அதில் மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே உறைந்துவிடும்.

காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியான பி.சி.டி.யைக் கடைசியாக, வெட்சூட்டின் மேல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தடித்த சூட் மிதக்கும், ஈயம் கூட வேண்டியிருக்கும். ஆழத்தில் சூட் சுருங்கியதும் அந்த ஈயம் உங்களைக் கீழே இழுக்கும். அதைத் தாங்கும் தூக்குத்திறன் பி.சி.டி.யில் இருக்க வேண்டும். புது சூட்டோடு முதல் நாளே எடையைச் சரிபாருங்கள்: பி.சி.டி.யைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணருகே நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது பார்ப்பதே சரி. 12 லிட்டர் சிலிண்டர் 200-லிருந்து 50 பாருக்கு இறங்கும்போது 2 கிலோவுக்கும் மேல் எடை குறைகிறது. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் அந்த 2 கிலோவைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால், டைவ் முடியும் நேரத்தில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க முயலும்போது தக்கை போல மேலே போய்விடுவீர்கள்.