அம்மாவுக்குப் புற்றுநோய் ஊசி போடும்போது குவர்செடின் கேப்சூல் தரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். வாரம் ஒருமுறை போர்டெசோமிப் ஊசி போடுகிறோம். தாவரங்களில் உள்ள ஃபிளேவனாய்டுகள் புற்றுநோய் செல்களை அழிக்கும் என்று படித்துவிட்டு, தம்பி ஆன்லைனில் குவர்செடின் கேப்சூலும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூலும் வாங்கித் தருகிறான். அதற்கப்புறம் அம்மாவுக்குக் கால் எரிச்சல்கூடக் குறைந்திருக்கிறது. தொடரலாமா? டாக்டரிடம் சொன்னால் கோபப்படுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு கேப்சூல்களையும் இன்றே நிறுத்திவிடுங்கள். ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கால் எரிச்சல் குறைந்த செய்திதான். மைலோமா செல்கள் ஓயாமல் புரதம் தயாரிப்பவை. அந்தப் புரதக் கழிவை வெட்டி அகற்றும் அமைப்புக்குப் புரோட்டியசோம் என்று பெயர். போர்டெசோமிப் மருந்தில் இருக்கும் போரான் பகுதி அதில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கழிவு தேங்கி செல் செத்துப்போகும். கிரீன் டீயில் உள்ள இ.ஜி.சி.ஜி., குவர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் செய்வது என்னவென்றால், மருந்து புரோட்டியசோமை அடையும் முன்பே அந்தப் போரானைப் பிடித்துக்கொள்கின்றன. 2008இல் ரத்தப் புற்றுநோய் செல்களில் குவர்செடினை வைத்தும், 2009இல் மைலோமா செல்களிலும் எலிகளிலும் இ.ஜி.சி.ஜி.யை வைத்தும் இதைக் காட்டினார்கள். மருந்து முடங்கினால் அதன் பக்கவிளைவான கால் எரிச்சலும் குறையத்தான் செய்யும். எரிச்சல் குறைய வேறு காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கேப்சூல் நல்லது செய்கிறது என்பதற்கு அதை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவை ஆய்வகச் சோதனைகள்தானே என்று தம்பி கேட்கலாம். அவர் நம்பி வாங்கிய கேப்சூலுக்கு இருக்கும் ஆதாரமும் பெரும்பாலும் ஆய்வகச் சோதனைதான்.

அவர் படித்தது பொய் இல்லை. தட்டில் வளர்க்கும் புற்றுநோய் செல்கள் மீது குவர்செடினை ஊற்றினால் அவை சாகின்றன. ஆனால் அங்கே ஊற்றும் அளவு, சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் நிற்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். நாம் விழுங்கும் குவர்செடினில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு வடிவமாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன.

ஃபிளேவனாய்டு வழியில் மருந்து தேடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு மரம் ஒன்றில் கிடைத்த ரோகிடுகின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து, ஃபிளேவோபிரிடால் என்ற மருந்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். செல் பிரிவதைத் தூண்டும் என்சைம்களை அது தடுக்கிறது. மும்பையில் தொடங்கிய அந்த ஆராய்ச்சி அமெரிக்காவில் நோயாளிகளிடம் சோதனை வரை போனது. நரம்பு வழியாக ஏற்றிய அந்த மருந்து சிலருக்குப் புற்றுநோய் செல்களை ஒரேயடியாக உடைத்து, அந்தக் கழிவால் உயிருக்கே ஆபத்து வந்தது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களும் உண்டு. பல வருடச் சோதனைக்குப் பிறகும் அது அங்கீகாரம் பெற்ற மருந்தாக வரவில்லை. செடியிலிருந்து வந்து ஜெயித்த மருந்துகளும் இருக்கின்றன. நித்திய கல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், யூ மரத்துப் பட்டையிலிருந்து பேக்லிடாக்சல். இவை ஃபிளேவனாய்டுகள் அல்ல, அளவு பார்த்துக் கொடுக்கும் வீரியமான மருந்துகள். வின்கிரிஸ்டினுக்காக யாரும் நித்திய கல்யாணி இலையை அரைத்துக் குடிக்கக் கூடாது.

சரி, சாப்பாட்டில் வெங்காயம் சேர்க்கலாமா? தாராளமாக. 100 கிராம் வெங்காயத்தில் குவர்செடின் சுமார் 20 முதல் 40 மில்லிகிராம்தான். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இருப்பது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட வெங்காயத்தின் சத்து. அதனால்தான் சாம்பாரில் போடும் வெங்காயத்துக்குக் கவலைப்படாத நான் கேப்சூலை வேண்டாம் என்கிறேன். ஆப்பிள், கீரை எல்லாம் வழக்கம்போல் கொடுங்கள். கிரீன் டீயை மட்டும், இந்தச் சிகிச்சை முடியும் வரை, கோப்பையில்கூட வேண்டாம். நாம் குடிக்கும் சாதாரண டீயில் இ.ஜி.சி.ஜி. குறைவு, அது பரவாயில்லை. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் இதே ஊசியைத் தடுப்பதாக எலிச் சோதனைகள் காட்டியுள்ளன, அதையும் தவிருங்கள். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் அதிகமானால் கல்லீரலும் பாதிக்கும். மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படும், ஆகவே கடையில் வாங்கும் வலி மாத்திரையோ பெயர் தெரியாத சூரணமோ கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை கேப்சூல் என்று எழுதி வையுங்கள். டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். மைலோமா செல்கள் வெளியிடும் புரதங்களான எம் புரதம், ஃப்ரீ லைட் செயின் ஆகியவற்றின் அளவையும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் பார்த்து, ஊசி எந்த அளவு வேலை செய்திருக்கிறது என்று அவர் மதிப்பிடுவார். கோபப்படுவார் என்ற தயக்கம் வேண்டாம்; இப்படி எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர், எந்தப் புற்றுநோய் மருத்துவருக்கும் இது புதிதல்ல. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கால் எரிச்சல் திரும்பி வந்தால் அதை உடனே சொல்லுங்கள், ஊசியின் அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ கொடுக்க வழி இருக்கிறது.