நஞ்சேறிய விரிகுடாச் சேற்றை அள்ளுவது: கேள்வி பதில்

தொழிற்சாலைக் கழிவு படிந்த விரிகுடாவைச் சுத்தம் செய்யும்போது கடலுக்கும் கரையோர மக்களுக்கும் என்ன நேரும், அதை முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இம்முறைப் பொருள். ஜப்பானின் மினமாட்டா (ஆலைக் கழிவின் பாதரசம் ஏறிய மீனைத் தின்று மக்கள் நோயுற்ற இடம்), அமெரிக்காவின் சான் டியாகோ, நியூ பெட்ஃபோர்டு ஆகிய மூன்று இடங்களை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். ஆய்வக எண்களை அனுப்புகிறவர்கள் அவை உலர் எடைக்கா (நீரை நீக்கிய பின்) ஈர எடைக்கா (நீரோடு சேர்த்து) என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

மலர்விழி: மினமாட்டாவில் 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை மட்டும்தான் அகற்றினார்கள் என்று படித்தேன். 25 என்ற எண் எங்கிருந்து வந்தது? மீனுக்கு 0.4 பிபிஎம் என்றுதானே வரம்பு?

இரண்டும் வேறு வேறு எண்கள். (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) மீனுக்கான 0.4 பிபிஎம் (மொத்தப் பாதரசம்) ஈர எடைக்கு. 1973இல் ஜப்பான் வைத்த தற்காலிக வரம்பு. சேற்றுக்கான 25 உலர் எடைக்கு. பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

சேற்றின் வரம்பு ஒரு சூத்திரத்திலிருந்து வருகிறது. அந்தக் கடலின் சராசரி ஓத ஏற்றத்தாழ்வை மீட்டரில் எடுத்து, சேற்றிலிருந்து பாதரசம் கரைந்து வெளிவரும் விகிதத்தால் வகுத்து, 0.18ஆல் பெருக்கி, கடைசியில் ஒரு பாதுகாப்புக் காரணியால் வகுக்க வேண்டும். மீன்பிடியே இல்லாத கடலுக்குக் காரணி 10. அடித்தள மீன்களை அதிகம் பிடித்துத் தின்கிற இடத்துக்கு 100. ஓதம் அதிகமென்றால் நீர் அதிகம் மாறும், ஆகவே வரம்பு தளரும். கரைதல் அதிகமென்றால் வரம்பு இறுகும். எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மக்கள் மீன் தின்னும் பழக்கம் கணக்குக்குள் எங்கே நுழைகிறது, யார் அதைத் தீர்மானித்தார்கள்?

வேலை 1977 அக்டோபரில் தொடங்கி 1990 மார்ச்சில் முடிந்தது. செலவு சுமார் 4,850 கோடி யென். கையாண்ட சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். உட்பகுதியில் 58 ஹெக்டேர் நிலமாக்கப்பட்டது. தொடங்கிய சில மாதங்களிலேயே, சேற்றைக் கலக்கினால் நோய் மறுபடியும் பரவும் என்று மக்கள் நீதிமன்றம் போனார்கள், வேலை நின்றது. 1980 ஏப்ரலில் தடை மனு தள்ளுபடியான பிறகுதான் மீண்டும் தொடங்கியது. அந்த அச்சம் நியாயமான அச்சம். எங்கே அளப்பீர்கள், எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்துவீர்கள், யார் நிறுத்துவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்தபின் முதல் வாளியை இறக்குவதே முறை.

செந்தில்: தூர்வாரும்போது அந்தப் பகுதி மீனைத் தின்னலாமா?

கூடாது. வேலை நடக்கும்போதும், முடிந்த பிறகு மீன் சதையை அளந்து தொடர்ந்து குறைவு தெரியும் வரையிலும்.

ஹரிணி: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் லாரிப் போக்குவரத்து என்று ஒரு பத்தி மட்டும் இருக்கிறது. சேறு கடலில்தானே இருக்கிறது, லாரி அவ்வளவு முக்கியமா?

கரையில் இருப்பவர்களுக்கு முதல் தொல்லையே லாரிதான். சான் டியாகோ கப்பல் கட்டும் தளங்களின் சேற்றுக்கு 2012இல் வந்த சுத்திகரிப்பு உத்தரவை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு, பாதரசம், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், பிசிபி (பழைய மின்கருவி எண்ணெய்களில் இருந்த குளோரின் சேர்மம்), டிரைபியூட்டைல் டின் (கப்பல் அடிப்பூச்சில் இருந்த நஞ்சு) என்று ஐந்து நஞ்சுகள். அள்ள வேண்டியது 1,43,400 கன கெஜம், அதாவது ஏறக்குறைய 1,10,000 கன மீட்டர். இனி என் கணக்கு. கன மீட்டருக்கு 1.5 டன் என்றால் 1,65,000 டன். நீரை இறுக்க 5 சதவீதம் சிமென்ட் சேர்த்தால் 1,73,000 டன். லாரிக்கு 20 டன் என்றால் சுமார் 8,650 லோடு. போக வர 17,300 ஓட்டம். 200 வேலை நாளில் முடிப்பதென்றால் நாளுக்கு 86. பத்து மணி நேர வேலையில் ஏழு நிமிடத்துக்கு ஒரு லாரி, ஒரே தெருவில்.

அந்தத் தளங்களை ஒட்டித்தான் பாரியோ லோகன் குடியிருப்பு இருக்கிறது. ஏற்கெனவே நெடுஞ்சாலைப் புகையும் தொழிற்சாலைப் புகையும் தின்கிற இடம். அறிக்கையில் ஒரே பத்தி என்றால் இவற்றைக் கேளுங்கள்: பாதை எந்தப் பள்ளிக்கூட வாசலைத் தொடுகிறது? பின்கதவில் ரப்பர் பட்டை உண்டா? (ஈரச் சேறு சொட்டுவது அங்கேதான்.) வாயிலில் சக்கரம் கழுவும் தொட்டி உண்டா, அந்தக் கழுவுநீர் எங்கே போகிறது? பார்ஜிலோ (சரக்குத் தட்டைப் படகு) ரயிலிலோ கொண்டுபோக முடியாது என்றால் ஏன்? சிமென்ட் கலக்கும் இடத்தில் அமோனியா வாடையும் தூசும் எழும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற வரைபடம் இல்லாமல் அந்த இடத்தைத் தேர்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஆதவன்: அள்ளும் இடத்தைச் சுற்றி நீருக்குள் வண்டல் திரை தொங்கவிட்டால் கலங்கல் வெளியே போகாது அல்லவா?

போகும். திரை கலங்கலைத் தடுப்பதில்லை, கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. ஓதத்தில் தரை தட்டிக் கிழியாமலிருக்க அடியில் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இடைவெளி விட்டே கட்டுவார்கள். நீரோட்டம் வினாடிக்கு அரை மீட்டரை நெருங்கினால் திரை பாய்மரம்போல் உப்பி மேலெழும். பார்ஜ் உள்ளே வர ஒவ்வொரு முறையும் வாயில் திறக்க வேண்டும்.

திரையைவிட வாளி முக்கியம். மூடிய வாளி, மட்டமாக வெட்டும் வகை, மெதுவான ஏற்றம். கப்பல் தளத்துச் சேற்றில் சங்கிலி, கம்பிவடம், மரக்கட்டை எல்லாம் கிடக்கும். ஒன்று வாயில் சிக்கினால் வாளி மூடாது, ஏறும் வழியெல்லாம் ஒழுகும். அதனால் குப்பையைத் தனியாக முதலில் எடுக்க வேண்டும். அந்தச் சுற்றுக்கும் கண்காணிப்பு வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கலங்கல் மானி நீரோட்டத்துக்கு மேல்புறம் ஒன்று, கீழ்புறம் இரண்டு. மேல், நடு, தரையிலிருந்து ஒரு மீட்டர் என மூன்று ஆழத்தில். மேல்புற அளவோடு ஒப்பிட்டுத்தான் மீறல் சொல்ல வேண்டும். மானி காட்டுவது துகளை மட்டும். கரைந்த செம்பையும் பிசிபியையும் அது பார்க்காது. அதற்கு நீர் மாதிரி தனி.

செல்வி: மீன் சாப்பிடலாமா என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். எங்கள் வீட்டில் தலைக்கறிதான் விருப்பம்.

செந்திலுக்குச் சொன்னதைப் பாருங்கள். ஆனால் தலைக்கறி என்றது நல்ல குறிப்பு. பிசிபி கொழுப்பில் சேரும், ஆகவே தலையிலும் ஈரலிலும் அதிகம். பாதரசம் சதையில் சேரும், ஆகவே சுத்தம் செய்தாலும் சமைத்தாலும் போகாது. சான் டியாகோ மதிப்பீட்டில் பொழுதுபோக்காகப் பிடிப்பவருக்கு நாளொன்றுக்கு 21 கிராம் சதை, பிழைப்புக்குப் பிடித்து உண்பவருக்கு 161 கிராம் முழு மீன் என்று தனித்தனியே கணக்கிட்டார்கள். இரண்டையும் சேர்த்து சராசரி எடுத்திருந்தால் ஏழை வீட்டுத் தட்டு கணக்கிலிருந்தே மறைந்திருக்கும்.

கணேசன்: நீங்கள் அள்ளுவதன் கெடுதலையே அடுக்குகிறீர்கள். மணலைப் போட்டு மூடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முழுக்க அள்ளுவதுதான் நேர்மை.

அள்ளினால் முழுக்கப் போய்விடும் என்ற எண்ணமே தவறு. கடைசிச் சுற்றில் அள்ளிய நஞ்சில் 2 முதல் 9 சதவீதம் வரை தளர்ந்த படலமாகத் தரையிலேயே மிஞ்சுவது பல திட்டங்களில் அளக்கப்பட்டிருக்கிறது. பக்கச் சரிவு, வாளி ஒழுகல், கலங்கி மறுபடி படிதல், இவைதான் காரணம். அடியில் களி இருந்தால் 15 முதல் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி ஓரளவு சரிசெய்யலாம். அடியில் பாறை என்றால் வெட்ட இடமே இல்லை. அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் 2007இல் பெரிய திட்டங்களை ஆராய்ந்தபோது, சூழல் சாதகமில்லாத இடங்களில் அள்ளுவது மட்டும் இலக்கை எட்டாது என்றே முடிவுக்கு வந்தது. அதனால்தான் அள்ளிய பிறகும் 15 சென்டிமீட்டர் மணல் போடுகிறார்கள்.

கணேசன்: அப்படியானால் மினமாட்டா?

அங்கே மிக மோசமான உட்பகுதியை அள்ளவில்லை. எஃகுத் தகட்டுச் சுவரால் வளைத்து, வெளியே உறிஞ்சிய சேற்றை அதன்மேல் கொட்டி, செயற்கை இழைப் பாய் விரித்து, எரிமலை மண்ணும் மலைமண்ணும் போட்டு மூடினார்கள். நீங்கள் அள்ளுதலுக்குச் சான்றாக நினைக்கும் இடத்தில் பெரும்பங்கு மூடலுக்கும் உண்டு.

கணேசன்: எஃகு துருப்பிடிக்கும். நிலநடுக்கம் வரும். அப்போது?

இதில் நீங்கள் சொல்வதே சரி, மறுக்கவில்லை. அந்த நிலம் சேமிப்புக் கிடங்கு. நஞ்சு அங்கேயே இருக்கிறது. 2016 குமமோட்டோ நிலநடுக்கங்களுக்குப் பிறகு அந்தக் கவலை இன்னும் கூடியது. மூடல் என்று முடிவெடுத்தால் சுவரின் தகட்டுத் தடிமனை அளக்கும் கால இடைவெளி, நங்கூரத் தடை, கப்பல் விசிறி அரிப்புக் கணக்கு, பழுதுபார்க்கும் நிதி ஆகிய நான்கும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். நிதியை எழுதாத மூடலை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் அள்ளிய சேறும் எங்கோ ஓர் ஊரின் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அந்த ஊரையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

விமலா: நீங்கள் இருவரும் சேற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். அத்தனை வருடம் வலை போடாதவர்கள் என்ன ஆனார்கள்?

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். மினமாட்டா விரிகுடாவின் வாயில் 1974இல் தடுப்பு வலை கட்டினார்கள். உள்ளே பிடித்த நஞ்சு மீனை அழித்தார்கள். 1997இல் ஆளுநர் பாதுகாப்பு அறிவிப்பு செய்த பிறகே வலை அகற்றப்பட்டது. 23 ஆண்டு. தூர்வாரல் 1990இல் முடிந்தும் மீன் பாதுகாப்பானது என்று அறிவிக்க மேலும் ஏழு ஆண்டு. அறிக்கையில் 'தற்காலிகப் பாதிப்பு' என்று எழுதும்போது இந்த எண்ணை எதிரே வையுங்கள். இழப்பீடு வேலை நாட்களுக்கு அல்ல, மீன் அளவு இறங்கும் வரைக்கும் கணக்கிடப்பட வேண்டும். படகு வைத்திருப்பவர் மட்டுமல்ல; மட்டி பொறுக்குபவர், மீன் விற்கும் பெண்கள், ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும்.

மக்கள் சொல் திட்டத்தையே மாற்றிய இடம் நியூ பெட்ஃபோர்டு. பிசிபி 4,000 பிபிஎம்முக்கு மேல் இருந்த சேற்றை 1994, 1995இல் அள்ளினார்கள். அதை அங்கேயே எரிப்பது முதல் திட்டம். ஊர் எதிர்த்தது, எரிப்பு கைவிடப்பட்டது, 1999இல் வெளியூர்க் கிடங்குக்கு அனுப்ப முடிவானது. பிசிபி நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகவும் எழும் என்பதால் கரையில் காற்றையும் அளந்தார்கள்.

அருண்: எங்கள் ஆய்வக அறிக்கையில் பாதரசம் 0.5 என்று இருக்கிறது. பாதுகாப்பானதா?

ஈர எடையா உலர் எடையா? சேற்றில் 60 சதவீதம் நீர் என்றால் ஈர எடைக்கு 0.5 என்பது உலர் எடைக்கு 1.25. அமெரிக்க வழிகாட்டு அளவுகளில் கீழ் எல்லை 0.15, மேல் எல்லை 0.71, இரண்டும் உலர் எடைக்கு. ஒரு விதத்தில் நடுவில் நிற்கிறீர்கள், இன்னொரு விதத்தில் மேல் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். எந்த ஆழத்து மாதிரி, நுண்துகள் எவ்வளவு, கரிமக் கார்பன் எவ்வளவு என்பதும் வேண்டும். வேதியல் மட்டும் போதாது. ஆம்ஃபிபாட் (சேற்றில் வாழும் இறால்போன்ற சிற்றுயிர்) உயிரியில் 10 நாள் நச்சுச் சோதனை, தரைவாழ் உயிர்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு நிற்கும். மட்டியின் உடலில் நஞ்சு சேர்கிறதா என்று பார்க்கும் 28 நாள் சோதனை நான்காவது.

தமிழ்ச்செல்வன்: எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை இப்படி அள்ளலாமா?

கழிமுகம் வேறு கணக்கு: ஆழம் குறைவு, ஓதம் குறுகிய வாய் வழியாக. முதல் கேள்வி ஒன்றுதான்: சாம்பல் குழாய்க் கசிவு நின்றதா? நிற்காதவரை அள்ளுவது பணத்தைக் கழிமுகத்தில் கொட்டுவது. நின்றபின், அள்ளும் ஆழத்தை மீனவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இறால் எந்த மாதம் உள்ளே வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சான் டியாகோவில் ஆலாப் பறவை குஞ்சு பொரிக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுவரை அள்ளுவதில்லை. அதுபோன்ற ஒரு நாட்காட்டி இங்கும் வேண்டும்.

யாழினி: வேலை முடிந்தபின் மீன் பாதுகாப்பானதா?

இந்தக் கேள்வி வருவது மூன்றாவது தடவை. அதே இனம், அதே நீளம், அதே மாதம் என ஆண்டுதோறும் அளந்தால்தான் தெரியும். வேலைக்கு முன் குறைந்தது ஓராண்டு அளவு இருந்தால்தான் ஒப்பிட முடியும். முன்னளவு இல்லாவிட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது.

நவீன்: முதுகலைத் திட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை மாதிரி ஒன்று எழுதித் தருவீர்களா?

மாட்டேன். சான் டியாகோ உத்தரவும் அதன் தொழில்நுட்ப அறிக்கையும் பொதுவில் கிடைக்கின்றன. மீன் நுகர்வுப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். அட்டவணை ஒவ்வொன்றிலும் உலர், ஈர எடைக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.