மான்செஸ்டர் அலுவலகத்தில் "அமெரிக்கர்" என்ற கேலி: என் பதில்

வணக்கம். டல்லாஸிலிருந்து மான்செஸ்டருக்கு மாற்றலாகி வந்த பிறகு, கூட்டத்தில் உங்கள் வேலையைப் பற்றி உற்சாகமாகப் பேசினால் எல்லாரும் அமைதியாகிவிடுகிறார்கள், அப்புறம் "அமெரிக்கர் வந்துட்டார்" என்று சிரிக்கிறார்கள், இது வெறுப்பா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வெறுப்பு இல்லை.

இந்த உரசல் பழையது. 1942இல் பிரிட்டனுக்கு வந்த தன் சிப்பாய்களுக்கு அமெரிக்கப் போர்த்துறை ஒரு கையேடே கொடுத்தது: பீற்றிக்கொள்ளாதீர்கள், பிரிட்டிஷ்காரர்கள் ஒதுங்கியிருப்பதைப் பகை என்று நினைக்காதீர்கள். அமெரிக்கச் சிப்பாய்க்குச் சம்பளம் ரொம்ப அதிகம் என்ற எரிச்சலும் அப்போது இருந்தது. ஆனாலும் 1943இல், மான்செஸ்டருக்கு வடமேற்கே இருக்கும் பாம்பர் பிரிட்ஜ் மக்கள், அமெரிக்க ராணுவக் காவலர்கள் கறுப்பினச் சிப்பாய்களை நடத்திய விதம் பொறுக்காமல் அந்தச் சிப்பாய்கள் பக்கம் நின்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. 1956 சூயஸ் நெருக்கடி, 2003 இராக் போர் என்று அமெரிக்க அரசின் மேல் எத்தனை கோபம் இருந்தாலும், எதிரில் நிற்கும் ஆளைப் பிரிட்டிஷ்காரர்கள் தனியாகத்தான் எடை போடுவார்கள்.

கூட்டத்தில் "நான் முடித்தேன்" என்பதை "டீம் முடித்தது" என்று மாற்றிப் பாருங்கள். கேலி செய்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே ஒன்று திருப்பிக் கொடுங்கள். பழகாத ஆளை அவர்கள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பப்புக்குக் கூப்பிட்டால் போங்கள். அங்கே ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் வாங்குவது வழக்கம். குடிக்காவிட்டாலும் உங்கள் முறை வரும்போது எல்லாருக்கும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேலி உங்கள் நிறத்தையோ பிறப்பையோ தொட்டால் கதை வேறு. அப்போது தேதியோடு எழுதி வைத்து, தயங்காமல் எச்ஆரிடம் போங்கள்.