யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரப் பயணம்?

பலாலியிலிருந்து இலண்டனுக்கு நேரடி விமானம் இல்லாததால், கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு உள்ள வான்வழித் தூரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். அது ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காத விமானம் போவதற்குச் சுமார் 11 மணி நேரம் எடுக்கும். திரும்பி வரும்போது நேரம் சற்றுக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று அப்போது பின்னாலிருந்து உந்துவதே அதற்குக் காரணம்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்ப்பதுதான் பலரையும் குழப்புகிறது. மகனிடம் முதன்முறை போகவிருந்த எங்கள் பெரியம்மா, பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.30க்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்ததைப் பார்த்து, ஐந்தரை மணி நேரம்தானே என்று மருந்துக் குளிசைகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவை உள்ளூர் நேரங்கள். குளிர்காலத்தில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரமும், கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கி நிற்பதால், அந்த வித்தியாசத்தையும் கூட்டினால்தான் உண்மையான பறப்பு நேரம் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கான இரவுப் பேருந்துப் பயணத்தையும், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டியதையும் சேர்த்தால், வீட்டுப் படலையிலிருந்து ஒரு முழு நாளாவது ஆகும். ஆகவே வயதானவர்களின் மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.