பத்துக்குப் பத்து அறையில் ஸ்டுடியோ: கேள்வி பதில்

வீட்டில் பாட்டும் குரலும் பதிவு செய்ய அறை அமைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் அடக்குவது வேறொரு வேலை. பணம் வீணாவது பெரும்பாலும் முதல் வேலைக்கான காசை இரண்டாவதற்கான பொருளில் போடுவதால்தான்.

அண்ணா, மாடியில் 10-க்கு 10 அறை ஒன்று காலியாக இருக்கிறது. நான்கு சுவரிலும் ஒட்டுவதற்குக் கறுப்பு ஃபோம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒட்டினால் தெருவில் போகும் ஆட்டோ சத்தம் நிற்குமா? (சேலம்)

நிற்காது தம்பி. ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு. சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும், காற்று புகாத அடைப்பும் வேண்டும். ஃபோமுக்கு இரண்டும் கிடையாது. ஊதினால் காற்று அதன் வழியாகப் போகும். காற்று போனால் சத்தமும் போகும்.

உன் அறையில் கனம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பக்கமும் பூசிய 9 இஞ்ச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் வரை குறைக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் மரச்சட்டமும் ஜிப்சமும் வைத்துக் கட்டிய சுவரோடு போராடுகிறார்களே, அந்தக் கஷ்டம் நமக்குப் பாதிதான். நம் சிக்கல் ஓட்டைகளில் இருக்கிறது. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மற்ற இடம் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 100 சதுர அடிச் சுவரில் அது வெறும் 1 சதுர அடி. ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரே அதைவிடப் பெரிது.

அதனால் முதலில் வென்டிலேட்டரை செங்கல் வைத்து அடைத்துப் பூசு. வாடகை வீடு என்றால் இரண்டு 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையை அளவாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் ஒட்டி இறுக்கமாகச் செருகு. அடுத்தது கதவு. உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் டோர் 20 டெசிபல் தடுத்தாலே பெரிய விஷயம். கனமான கதவாக மாற்றி, நிலையைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட் வை. கீழே நிலைப்படி இல்லாவிட்டால், கதவு மூடும்போது தானாக இறங்கும் ட்ராப் சீல் போடலாம்.

இடுக்குகளைக் கண்டுபிடிக்க ராத்திரியில் அறைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, வெளியே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார். கோடு கோடாக வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சத்தத்துக்கும் வழிதான். கீல் இருக்கும் பக்கத்தை மறந்துவிடாதே, பலரும் கைப்பிடிப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

முட்டை அட்டை ஒட்டலாமா? (நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்)

வேண்டாம். தடுக்கவும் தடுக்காது, உறிஞ்சுவதும் கொஞ்சம்தான். சட்டென்று தீப்பிடிக்கும். கரப்பான் குடியேறும்.

சார், நான் 1 கட்டை சுருதியில் பாடுகிறேன். அறையின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து பதிவு செய்கிறேன். மந்த்ர ஸ்தாயியில் கைசிகி நிஷாதத்துக்கு வரும்போது மட்டும் குரல் 'கும்'மென்று பெருத்துக் கேட்கிறது. மைக் பழுதா? அறை 10-க்கு 10, கூரை உயரமும் 10 அடி. (மதுரை, வாய்ப்பாட்டு)

மைக்கில் ஒன்றுமில்லை. கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று.

இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையே சில அதிர்வெண்கள் மட்டும் தங்கி நின்று பெருகும். 10 அடி இடைவெளியில் அது சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 114-லும் நடக்கும். நீளமும் அகலமும் வேறுபட்ட அறையில் இவை தனித்தனி இடங்களில் சிதறும். உங்கள் அறையில் மூன்று திசையும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து குவிகின்றன. 1 கட்டையில் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள கைசிகி நிஷாதம் 116 பக்கம் விழும். 114-க்கு இவ்வளவு நெருக்கம். அதுதான் கும்மென்கிறது.

அதோடு நடுவில் வேறு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த 114 ஹெர்ட்ஸ் அதிர்வின் அழுத்தம் சுவரோரத்திலும் அறையின் நட்டநடுவிலும்தான் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது சுமார் இரண்டரை அடியில், தணிந்துவிடும். காசு செலவில்லாமல் முதலில் பாயை நகர்த்திப் பாருங்கள். ஒரு சுவரிலிருந்து இரண்டரை, மூன்று அடி தள்ளி, பக்கச்சுவர்கள் இரண்டுக்கும் சரி நடுவாக இல்லாமல் உட்கார்ந்து, அதே நிஷாதத்தில் கார்வை பிடியுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

பிறகு மூலைகள். தரையிலிருந்து கூரை வரை நான்கு மூலையிலும் குறைந்தது 4 இஞ்ச் கனத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) நிறுத்துங்கள். 6 இஞ்ச் முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு இஞ்ச் ஃபோம் இந்த அலைகளைத் தொடக்கூடத் தொடாது. 114 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 அடி. அதன் கால் பங்கே இரண்டரை அடி.

அந்த ராக்வூல் பேனலை நானே செய்யலாமா? எத்தனை வேண்டும், எங்கே மாட்ட வேண்டும்? (கோவை)

தாராளமாகச் செய்யலாம். ஒரு கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. ஸ்லாப் கேளுங்கள். கடையில் 96, 128 என்று அடர்த்தி கூடியதை நல்லது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். இந்த வேலைக்கு அது வீண் செலவு. ஆசாரியிடம் 2-க்கு 4 அடியில் மரச்சட்டம் அடிக்கச் சொல்லி, இரண்டு ஸ்லாப்பை அடுக்கி 100 மி.மீ. ஆக்குங்கள். மேலே போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று லேசாகப் போனால் அந்தத் துணி சரி. ரெக்ஸினும் சோபாத் துணியும் வேண்டாம். ராக்வூலை வெட்டும்போது கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். இல்லையென்றால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

சுவரோடு ஒட்டி அறையாமல் 2 இஞ்ச் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்தக் காற்றிடைவெளியால் கீழ்ஸ்தாயியைப் பேனல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரில் பேனலை ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குக் கரையான் மருந்து அடித்துவிடுங்கள்.

எட்டுப் பேனலில் ஆரம்பிக்கலாம். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு முதலில் மாட்டுங்கள். இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டியாய்ட் மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும். பாடுபவருக்கு முன்னால், அதாவது மைக்குக்குப் பின்னால், ஃபோம் அடுக்கி வைத்தால் மைக்குக்கு அதில் பெரிய லாபமில்லை. ஸ்பீக்கர் வைத்து மிக்ஸிங் செய்பவர்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரைப் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் பேனல் மாட்டவேண்டும். கூரைக்கும் அதே சோதனை.

கல்லூரியில் படிக்கிறேன், ஹாஸ்டல் இல்லை, வீடுதான். பேனலுக்கெல்லாம் காசு இல்லை. மெத்தை, தலையணை வைத்தால் கேலி செய்வார்களா அண்ணா? (திருநெல்வேலி)

செய்தால் செய்யட்டும். அறை ஒலியியல் என்ற துறையே மெத்தையில்தான் ஆரம்பித்தது. 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, எதிரொலி ஐந்து நொடிக்கு மேல் நீண்டது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலையைக் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று இரவு இரவாக அளந்தார். இன்றைக்கும் நாம் போடும் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைப் பின்னால் நிமிர்த்தி வை. பக்கவாட்டில் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வை. தரையில் ஜமக்காளம். குரல் பதிவுக்கு இது தாராளம்.

சார், நாங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி. மேல் வீட்டில் கிரைண்டர் ஓடினால் எங்கள் சுவரே பேசுகிறது. அறைக்குள் அறை கட்டினால் தீருமா? (சென்னை, வேளச்சேரி)

தீரும், ஆனால் கட்டச் சொல்லமாட்டேன் அம்மா. கிரைண்டர் சத்தம் காற்றில் வரவில்லை, தளத்தின் வழியாக வருகிறது. அதை வெட்ட வேண்டுமென்றால் தரை, சுவர், கூரை மூன்றும் பழைய கட்டடத்தைத் தொடாமல் ரப்பர் மேல் நிற்க வேண்டும். ஒரு இடத்தில் ஆணி தொட்டாலும் சத்தம் அந்த வழியாக இறங்கிவிடும். எடை அடுத்த பிரச்சினை. குடியிருப்பு அறைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழுப்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கே 600 கிலோவைத் தாண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் யாரையும் கல் வைக்க விடாதீர்கள்.

மேல் வீட்டுக்காரரிடம் கிரைண்டருக்கு அடியில் போட ஒரு கெட்டியான ரப்பர் மேட் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாவு அரைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் மைக் ஸ்டாண்டை மேசையில் வைக்காமல், தரையில் மடித்த யோகா மேட் மேல் நிறுத்துங்கள். லட்சங்களில் பேசும் ஒப்பந்தக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

வீட்டில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். கீழ் வீட்டார் புகார் செய்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? (திருச்சி)

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை. ஆனால் கீழ் வீட்டாரிடம் சட்டம் பேசுவதில் பயனில்லை ஐயா. தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) கும்கி உங்கள் மடியிலிருந்து தரைக்கு இறங்கி அவர்கள் கூரையாகப் பேசுகிறது. ஒரு சின்ன மேடை செய்துகொள்ளுங்கள்: கீழே கெட்டியான ரப்பர், அதன் மேல் 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு, மேலே ஜமக்காளம். நீங்கள், சிஷ்யர், மிருதங்கம் எல்லாம் அதன் மேல். மேடை சுவரைத் தொடக்கூடாது. முற்றிலும் போகாது, ஆனால் புகார் கொடுக்கும் அளவுக்கு இருக்காது.

ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன். பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டுமென்று திருப்பி அனுப்புகிறார்கள். ஃபேனை நிறுத்தினால் வியர்வை, ஓடவிட்டால் இரைச்சல். ஒரு 'ஙீ' சத்தமும் கூடவே வருகிறது. (புதுச்சேரி)

இரண்டும் வேறு வேறு. முதலில் அந்த 'ஙீ'. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் பிரச்சினை எர்த்தில் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ப்ளக் பாயின்ட்டுக்கு எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் எல்ஈடி விளக்கு, ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். சுழற்றும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் பல வீடுகளில் திருடன். படிப்படியாக மாறும் கெபாசிட்டர் ரெகுலேட்டருக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

வியர்வைக்கு, அரை மணி ஏசி போட்டு அறையை நன்றாகக் குளிர்வித்து, நிறுத்திவிட்டு, ஒரு அத்தியாயம் வாசியுங்கள். இடைவெளியில் மறுபடி ஏசி. நாய்ஸ் ரிடக்ஷனில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பாப் ஃபில்டரோடு ('ப' சொல்லும்போது மைக்கில் மோதும் காற்றைத் தடுக்கும் வலை) வாசித்தால் மீதிப் பிரச்சினையும் குறையும்.

கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா? பக்கத்தில் காக்காய், நாய், ஸ்கூல் பஸ் எல்லாம் உண்டு. (ஈரோடு)

அந்த அறைக்கு டைனமிக். அது வெளிச்சத்தத்தை ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. வாயருகே வைத்துப் பாடலாம் என்பதால் குரல் மேலே, மற்றதெல்லாம் கீழே போய்விடுகிறது, அவ்வளவுதான். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் இன்னும் மேடை மேடையாக ஓடுகிறது. அதே ஷூரின் எஸ்எம்7பி வாங்குவதாக இருந்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது பெருக்கம், தருமா என்று முதலில் பாருங்கள். வீணை, புல்லாங்குழல் பதிவுக்குக் கண்டென்சர்தான். அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் தரும் மின்சாரம்) வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் அதை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பாடும்போது ஹெட்ஃபோனில் என் குரல் தாமதமாக வருகிறது. (ஓசூர்)

ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் அதைக் கழற்றிவிட்டு வயர் வைத்தது போடுங்கள். பிறகு பதிவு மென்பொருளில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128-க்குக் குறையுங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில், அது 3 மில்லிநொடிக்கும் கீழே. கம்ப்யூட்டர் திணறினால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போடுங்கள், குரல் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். சுருதிப்பெட்டியையும் ஹெட்ஃபோனிலேயே கேளுங்கள், அறையில் ஓடவிட்டால் மைக்கில் ஏறிவிடும்.

எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டேன். இப்போது ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கிறது. (தஞ்சாவூர்)

வலிக்கத்தான் செய்யும். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது, புதுக்காற்று வராது. இப்போதைக்கு முக்கால் மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து வையுங்கள். நிரந்தர வழி வேண்டுமென்றால் எம்டிஎஃப்பில் ஒரு பெட்டி செய்து, உள்ளே காற்று மூன்று நான்கு முறை வளைந்து போகும்படி தடுப்பு வைத்து, உட்பக்கமெல்லாம் ராக்வூல் ஒட்டி, அதன் மேல் துணி போர்த்துங்கள். காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் வழியிலேயே சோர்ந்துவிடும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஃபேனைப் பெட்டியின் வெளிமுனையில் வையுங்கள், பெரிய ஃபேனாக மெதுவாக ஓடட்டும்.

கையில் ஐம்பதாயிரம்தான் இருக்கிறது. எந்த வரிசையில் வாங்குவது? (சேலம், முதல் கேள்வி கேட்ட தம்பி)

கதவும் வென்டிலேட்டரும் முதலில். அடுத்து பேனல். பிறகு ஒரு மைக், இரண்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்ஃபோன். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். அந்தச் சதுர அறையில் எந்த ஸ்பீக்கரும் உனக்குப் பொய்தான் சொல்லும். மூலைகளை முடித்துவிட்டு அளவுகளோடு எழுது, எங்கே வைப்பது என்று அப்புறம் பார்க்கலாம்.